நின்று தின்றது கணக்கில் வராது

அக்கா போட்ட முதல் நிபந்தனை, கிண்ணம் எவர்சில்வரில் இருக்க வேண்டும் என்பது. மாட்டுங்காவில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் மேஜைமேல் எடுத்து வைத்தது வெள்ளைப் பீங்கான் கிண்ணம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா அதை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இது நம்ம கடையில ஒரு நாள் தாங்காதுல" என்று என்னிடம் சொன்னாள்.

"பாத்திரம் எதுவா இருந்தாலும் ஓகே ஆன்ட்டி. உள்ள என்ன வெக்கறோம்கறதுதான் முக்கியம்" என்றாள் அந்தப் பெண்.

திரும்பும் வழியில் தாராவிப் பாத்திரக் கடையில் வாங்கினோம். ஜோடியாகத்தான் தருவேன் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்ததால் இரண்டு கிண்ணம் வந்தன. ஒன்று புழக்கத்துக்கு. இன்னொன்று அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. அந்த இரண்டாவது கிண்ணத்துக்குப் பிறகு வேலை வந்தது.

அக்காவும் அத்தானும் தாராவியில் மெஸ் நடத்துகிறார்கள். காலையில் இட்லி, தோசை. மத்தியானம் சாப்பாடு. உட்கார்ந்து சாப்பிட வருகிறவர்கள் பக்கத்துச் சந்துகளில் தோல் பட்டறை, தையல் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள், முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். வர முடியாதவர்களுக்கு டப்பா, அதாவது அடுக்குத் தூக்கில் சாப்பாடு. மாஹிமுக்கும் குர்லாவுக்கும் அத்தான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். நான் செம்பூரில் இருக்கிறேன். பத்திரிகையில் பக்கம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும் ஆங்கிலத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் அக்காவின் போன் எனக்கு வரும்.

அக்காவுக்கு வலது முட்டி போய்விட்டது. மெஸ் கீழே, வீடு மேலே. நடுவில் இருப்பது ஒரு இரும்பு ஏணி. தாராவியில் படிக்கட்டுக்கு இடம் விட்டுக் கட்டுகிறவர்கள் குறைவு. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையில் துணி மூட்டையோடு அதில் ஏறி இறங்கிய அக்கா, இப்போது கீழேயே சாக்குகளுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கட்டில் போட்டுப் படுக்கிறாள். மேல் வீட்டுக்குப் புது டைல்ஸ் போட்டதை அத்தானின் போனில் வீடியோவாகத்தான் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு, யாரு வீடு?" என்று கேட்டாள்.

ஏணியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மார்க்கெட்டைப் பொறுக்க முடியவில்லை. மெஸ் தொடங்கிய நாளிலிருந்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அவளேதான் போய்க் காய் எடுத்துவந்தாள். இப்போது அத்தான் போகிறார். அத்தான் சொன்ன காயைச் சொன்ன எடைக்கு வாங்கிவருவார். பார்த்து வாங்க மாட்டார்.

"கத்திரிக்காய் வாங்கிட்டு வாங்கன்னா, இவுக புழு வாங்கிட்டு வாராக. அது குடியிருக்க கத்திரிக்காயும் கூடவே வருது."

"புழு இருந்தா மருந்து அடிக்காத காய்னு அர்த்தம்" என்பார் அத்தான்.

"அப்பம் மனுசனுக்கு வாங்கல, புழுவ நம்பி வாங்குதிய."

முட்டியை மாற்றிவிடலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆனால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழரைக்குக் கீழே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாது, கத்தி வைக்க மாட்டேன் என்றார். அக்காவுக்கு அப்போது எட்டரைக்கு மேல்.

"ஏழரைய விட்டா அவருக்கு வேற நம்பரே கிடைக்கலயா?" என்று ஆட்டோவில் வரும்போது கேட்டாள். ஆனால் முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. தானே மார்க்கெட்டுக்குப் போவதற்கும் தனக்கும் நடுவில் நிற்பது ஒரு நம்பர் மட்டும்தான் என்றால், அதை இறக்கிவிடலாம் என்று நினைத்தாள். அப்படித்தான் நாங்கள் மாட்டுங்காவுக்கு, அந்தப் பீங்கான் கிண்ணத்தின் முன்னால் வந்து சேர்ந்தோம்.

அந்தப் பெண்ணின் குடும்பம் தலைமுறைகளாக மாட்டுங்காவில் இருப்பது. தமிழ் நன்றாகப் பேசுகிறாள், வாசிக்க வராது. ஒரு படத்தைக் காட்டினாள். கிண்ணத்தில் பாதிக்குப் பச்சை இலை, ஓரத்தில் கொண்டைக்கடலை, இன்னொரு ஓரத்தில் கொஞ்சம் சோறு, மேலே அறுத்து விசிறி மாதிரி வைத்த ஒரு பச்சைப் பழம்.

"இது என்னம்மா, அறுத்த சோப்பா?"

"அவகாடோ ஆன்ட்டி. அது இல்லாட்டாலும் பரவாயில்லை. கிண்ணத்துல பாதி காய். மீதி பாதியில பாதி பருப்போ, மீனோ, முட்டையோ. கடைசிக் கால்வாசிதான் சாதம். அவ்ளோதான்."

"குழம்பு எங்க ஊத்த?"

"மேலயே கொஞ்சம் விட்டுக்கலாம்."

"ரசம்?"

"ரசம் தனியா ஒரு கப்ல."

"மோரு?"

"தயிர் ஒரு ஸ்பூன் மேலயே வெச்சுக்கலாம்."

"குழம்பு மேலயா?"

அந்தப் பெண் சற்று யோசித்தாள். "சைடுல."

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஒண்ணா வச்சா, அது பூனைக்கு வைக்கதுல்லாம்மா" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

எனக்கு அக்காவின் சிரமம் புரிந்தது. எங்கள் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. காய் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். கிண்ணத்திலோ காய்தான் நடுவீட்டில் உட்காருகிறது. சோறு ஒரே ஒரு முறை, மூலையில் வந்துவிட்டுப் போகிறது.

மெஸ்ஸில் உட்கார்ந்து நான் எனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினேன். கிண்ணம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள். மேல்பாதி முழுக்கக் காய், அதுதான் தலைப்புச் செய்தி. கீழே இடது பக்கம் பருப்பு அல்லது மீன். கீழே வலது பக்கம் சோறு, சின்னச் செய்தி.

"விளம்பரம் வந்தா எங்க போடுவ?" என்று அத்தான் கேட்டார்.

"என்ன விளம்பரம் அத்தான்?"

"அப்பளம்."

முதல் வாரம் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அக்கா கிண்ணத்தில் சோற்றுக்குச் சரியாகக் கால்வாசி இடம்தான் கொடுத்திருந்தாள். ஆனால் அந்த இடத்தில் சோறு கோபுரமாக எழும்பி நின்றது, கரண்டியால் அழுத்தி அழுத்தி. "உயரத்துக்கும் கணக்கு இருக்குக்கா" என்றேன். "படம் மேல இருந்துல்லா எடுத்திருக்கு. உயரம் எப்படித் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. மேலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் உயரம் தெரியாது. கோபுரம் இடிக்கப்பட்டது.

அதன் பிறகு கிண்ணம் அழகாகிவிட்டது. ஒரு நாள் அவரைக்காய்ப் பொரியலும் முருங்கைக் கீரையும், ஓரத்தில் நெத்திலி. இன்னொரு நாள் முட்டைக்கோஸ், பீட்ரூட், கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். கோலம் போட்ட கைக்கு எல்லை தெரியும். காயும் சுண்டலும் சோறும் ஒன்றையொன்று தொடாமல் பாகம் பிரித்து வைப்பாள். பக்கத்துச் சந்தில் தோல் பை பட்டறையில் ஒரு கட்டிங் மாஸ்டர், தென்காசிப் பக்கத்து ஆள், தினமும் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத எங்களுக்கும் போட்டா என்ன? எங்க இலையில மட்டும் எல்லாம் அடிதடியாக் கிடக்கு" என்றார்.

"ஒனக்குச் சுகர் வரட்டும், போடுதேன்."

"வாழ்த்து பலமா இருக்கு."

டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். ஊரிலிருந்து வந்த கருப்பட்டியைத் தொடவில்லை. மத்தியானம் கிண்ணம், இரவு கிண்ணம். மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. பிறகு ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்தது. ஒன்பது புள்ளி ஒன்று.

ஏறியிருந்தது.

மாட்டுங்காப் பெண் சீட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நடுவுல ஏதாவது ஸ்நாக்ஸ்?"

"இல்லம்மா."

"பழ ஜூஸ்?"

"இல்ல."

"யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டு..."

"கிண்ணத்தத் தவிர நான் ஒரு வாய் சாப்பிடல. இவன வேணும்னா கேளுங்க."

நான் செம்பூரில் இருக்கிறேன், தாராவியில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினேன். அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. காயில் புழு இருந்தால் வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுவாள், யார் வாங்கியது என்பதையும் சேர்த்து.

மெஸ்ஸுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிள்ளை என்னக் கள்ளின்னு நினைச்சுட்டுல்ல. விடு. இந்த முட்டிய வச்சே மிச்ச காலத்த ஓட்டிருதேன். காயி புழுவோடயே வரட்டும்."

அத்தான் ரத்தம் எடுத்த லேப் சரியில்லை என்றார். கிண்ணம் பெரிதோ என்று நான் சந்தேகப்பட்டு, அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கட்டிங் மாஸ்டருக்கு அவகாடோ இல்லாதது குறையாகத் தெரிந்தது. மூன்றும் உதவவில்லை. கடைசியில், ஒரு நாள் முழுக்க மெஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் பத்திரிகையில் நிருபர்கள் வேறு வழி தெரியாதபோது செய்வது அதுதான்.

விடிகாலையில் போய் மூலையில் ஒரு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தேன். முதல் ஈடு இட்லி இறங்கியது. துணியிலிருந்து எடுக்கையில் ஒன்று பிய்ந்தது. பிய்ந்த இட்லியை வாடிக்கைக்குப் போட மாட்டாள், அது கடையின் மானம். வாயில் போட்டுக்கொண்டாள். சட்னிக்கு உப்புப் பார்க்க இன்னொரு துண்டு. முதல் தோசை எப்போதும் கல்லுக்கு. கல் தின்னாது, ஆகையால் அக்கா தின்றாள். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு டம்ளர், தொண்டை காய்ந்துவிட்டதாம். சாம்பார் உள்ளங்கையில். புளிக்குழம்பு உள்ளங்கையில், உறைப்பு தெரிய ஒரு பிடி சோற்றோடு. வடை உள்ளே வெந்திருக்கிறதா என்று பிட்டுப் பார்த்தாள். பிட்ட வடையைத் தட்டில் திரும்ப வைக்க முடியாது. இதற்கு நடுவில் மாவு, விறகு போல் வந்த முருங்கைக்காய், அத்தான், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே இருந்தாள். வாய் இரண்டு வேலையும் தடையில்லாமல் செய்தது.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கை கழுவினாள். கிண்ணத்தைக் கட்டினாள், பாதி, கால், கால். உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்து, நிதானமாகச் சாப்பிட்டாள். சாட்சிக்கு ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். சோற்றுப் பானையின் அடியில் கொஞ்சம் சோறு. அதில் தயிரை ஊற்றிப் பிசைந்து, அடுப்பில் சாய்ந்து நின்றபடி, கையாலேயே வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

"பாத்திரம் ஒழிக்கணும்லா" என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து.

அப்போது எனக்குப் பிடிபட்டது. அவள் அன்று சாப்பிட்டது கிண்ணம் மட்டும்தான். மற்றதெல்லாம் நின்றுகொண்டு செய்தது. நின்றுகொண்டு வாயில் போடுவது உப்புப் பார்ப்பது, பிய்ந்ததை அப்புறப்படுத்துவது, பாத்திரம் ஒழிப்பது. அதெல்லாம் வேலை. கை கழுவி உட்கார்ந்தால்தான் சாப்பாடு. எங்கள் அம்மாவும் அப்படித்தான், என் மனைவியும் அப்படித்தான். அவர்களிடம் "என்ன சாப்பிட்டாய்" என்று கேட்டால் உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் சொல்வார்கள். மாட்டுங்காப் பெண் கேட்டதும் அதே கேள்விதான்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் இல்லாத செய்தி பாதிச் செய்தி. அடுத்த முறை போனபோது அலமாரியில் கவிழ்ந்திருந்த இரண்டாவது கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். அக்கா நின்றுகொண்டு எதை வாயில் போட்டாலும், அதே அளவு நானும் எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். பிய்ந்த இட்லிக்கு இட்லி. முதல் தோசைக்கு ஒரு தோசை. வடைக்கு வடை. கஞ்சிக்கு மட்டும் தனி டம்ளர்.

"என்னல செய்யுத?" என்றாள் இரண்டாவது துண்டிலேயே.

"சும்மாக்கா, ஆசைக்கு."

"வீட்டுக்காரி சமைக்கலியா? சொன்னா டப்பாவுலயே கட்டித் தருவேன்லா. பிச்சைக்காரன் மாதிரி எதுக்கு அள்ளுத?"

வேலை மும்முரத்தில் அப்புறம் அவள் கவனிக்கவில்லை. மத்தியானம் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கிண்ணத்தை முடித்து, எழுந்து, தயிர்சோற்றை வழித்து முடிக்கும்போது, என் கிண்ணம் நிரம்பி, குவிந்து, பக்கத்தில் ஒரு தட்டும் தேவைப்பட்டிருந்தது. மேடையில் இரண்டையும் வைத்தேன். அக்காவின் காலிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.

"எதுக்குல இப்படிக் கதம்பமா அள்ளி வச்சிருக்க? யாருக்கு?"

"இது நீ இன்னைக்குச் சாப்பிட்டதுக்கா."

கடைசியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அத்தான் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அக்கா குவியலைப் பார்த்தாள். இட்லித் துண்டை எண்ணாமல் எண்ணினாள். வடையைத் திருப்பிப் பார்த்தாள். தயிர்சோற்று உருண்டையில் விரல் வைத்து அழுத்தினாள், அளவு சரியா என்று.

"நான் இவ்ளோ தயிர் ஊத்த மாட்டேன்" என்றாள்.

"சரி, தயிரைக் குறைச்சுக்கோ."

"இது நான் சாப்பிட்டதுல வராது. நின்னுக்கிட்டுத் தின்னது" என்றாள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. மேலே போகும் ஏணியை ஒரு தடவை பார்த்தாள். "அப்பம் மூணு மாசமா மார்க்கெட்டுக்குப் போற வழிய நாந்தான் தின்னுருக்கேன்."

"நீ தின்னேன்னு யாரு சொன்னா, ஒங்கைதான் தின்னுருக்கு" என்று அத்தான் ஆறுதல் சொன்னார்.

அக்கா பெருமூச்சு விட்டாள். பிறகு குவியலை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "சரி, இப்பம் இத என்ன செய்ய? குப்பையிலயா போட?" என்று சொல்லிக்கொண்டே தயிர்சோற்று உருண்டையைக் கையில் எடுத்துவிட்டாள், நின்றுகொண்டேதான்.

கட்டிங் மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறியது. அக்கா உருண்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உருண்டை அத்தானின் வாய்க்குப் போயிற்று. மிச்சத்தைக் கட்டிங் மாஸ்டர் தன் இலைக்கு இழுத்துக்கொண்டார்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து லேசில் கிடைக்கவில்லை. நின்றுகொண்டு தின்னாதே என்று சொல்லலாம். ஆனால் விடிகாலை எழுந்து மத்தியானக் கூட்டம் ஓயும்வரை உட்கார்ந்து சாப்பிடாத ஒருத்தி, வேறு எதைத் தின்று நிற்பாள்? கூட்டம் வருமுன் கிண்ணத்தைச் சாப்பிட்டுவிடு என்று நான் சொன்னதும் அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "வாடிக்கைக்குப் போடாம நான் மொதல்ல உக்காந்து தின்னா கடை வெளங்குமால?"

கடைசியில் சாப்பிடுவதில் இன்னொரு கோளாறும் இருந்தது. மெஸ்ஸில் முதலில் தீர்வது காய். மிஞ்சுவது சோறு. கிண்ணத்தின் பாதியை நிரப்பும் பொரியலை அவள் தினமும் யாருக்கும் தெரியாமல் ஒரு மூடிக்கடியில் ஒளித்து வைத்துத்தான் காப்பாற்றிவந்தாள். சில நாள் அதையும் எவனாவது கெஞ்சி வாங்கிவிடுவான். அன்றைக்குக் காயின் இடத்திலும் சோறு.

வழியை அக்காவே கண்டுபிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மறுநாளுக்கான டப்பாக்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தி ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து வைத்தாள்.

அந்த மெஸ்ஸில் டப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் போடும் முன்பே, முதல் அகப்பை டப்பாக்களுக்குத்தான். மூடிவிட்டால் அது வாடிக்கையாளரின் சொத்து. அப்புறம் பொரியல் தீர்ந்துபோய் எவன் கெஞ்சினாலும் டப்பாவைத் திறக்க மாட்டாள். அக்காவின் சொந்த மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தபோதுகூடத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அத்தான் டப்பாக்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"ஒண்ணு கூட இருக்கு. இது யாருக்கு?"

"புதுக் கிராக்கி."

"எங்க, குர்லாவா?"

"இங்கனதான்."

"பேரு?"

"ஒங்க பொண்டாட்டி."

அத்தான் சிரித்துக்கொண்டே டப்பாக்களைச் சைக்கிளில் மாட்டினார். கை பழக்கத்தில் அந்த டப்பாவையும் சேர்த்து மாட்டிவிட்டார். அது மாஹிம் போய், குர்லா போய், யாரும் எடுக்காமல், மத்தியானம் திரும்பி வந்தது. "அந்தக் கிராக்கி அங்க இல்ல" என்று அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து திறந்தாள். மேல் அடுக்கில் பாதி காய், கால் மீன், கால் சோறு, கோபுரம் இல்லாமல். "ஊரெல்லாம் சுத்தியும் கலையல பாரு" என்றாள். கோலம் போட்ட கை.

அடுத்த நாளிலிருந்து டப்பா கடையிலேயே நின்றது. காலைக் கூட்டம் வருமுன் ஒரு அடுக்கு, மத்தியானக் கூட்டம் வருமுன் ஒரு அடுக்கு என்று உட்கார்ந்து சாப்பிட்டாள். தான் முதலில் சாப்பிடுவதாக அவள் நினைக்கவில்லை. வாடிக்கையாளர் டப்பா வந்திருக்கிறது, வாடிக்கையாளர் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். குறைகூடச் சொன்னாள். "உப்பு கம்மி. யாரு சமையலு?" என்று எங்களிடம் கேட்பாள்.

பிய்ந்த இட்லி விஷயத்தில் கட்டிங் மாஸ்டர் நடுவராக வந்தார். "வயித்துக்குள்ள போனா எல்லாம் பிஞ்சதுதான்க்கா. தாளிச்சுப் போடுங்க" என்றார். கடையின் மானம் போகும் என்று அக்கா ஒரு வாரம் இழுத்தடித்தாள். தாளித்துப் போட்ட உதிரி இட்லி முதல் நாளே தீர்ந்துவிட்டது. இப்போது அதற்காகவே நல்ல இட்லியைப் பிய்க்க வேண்டியிருக்கிறது. பானையடிச் சோறு, கடைசியாகச் சாப்பிட வருகிறவனுக்கு என்று ஆயிற்று. அதற்காகவே தாமதமாக வருகிற இரண்டு பேர் இருக்கிறார்கள். முதல் தோசையை மட்டும் அவளால் விட முடியவில்லை. அதை மாட்டுங்காப் பெண்ணிடம் சொன்னோம். அவள் சிரித்துவிட்டு, டப்பாவில் அந்த அளவு சோற்றைக் குறைக்கச் சொன்னாள். அக்காவுக்கு அவள்மேல் இருந்த கோபம் அத்தோடு தீர்ந்தது.

மூன்று மாதம் கழித்து முடிவு ஏழு புள்ளி மூன்று. சீட்டை நான்தான் வாசித்தேன். அக்கா நம்பவில்லை. தலைகீழாகப் பிடித்திருப்பேன் என்று சந்தேகப்பட்டு, வாங்கித் தானே பார்த்தாள். எலும்பு டாக்டர் தேதி கொடுத்தார்.

அறுவை நன்றாக நடந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்த நாட்களில் நின்றுகொண்டு தின்ன வழியே இல்லாததால் சர்க்கரை இன்னும் இறங்கியது. "படுத்துக்கிட்டுத் தின்னா கணக்குல வருமா?" என்று நர்ஸிடம் இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தாள். மெஸ்ஸை அத்தானும் ஒரு உறவுக்காரப் பெண்ணும் பார்த்துக்கொண்டார்கள். காய் புழுவோடு வந்துகொண்டிருந்தது.

மழை விட்ட ஒரு காலையில், கையில் கம்போடு, அக்கா மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு வந்தாள். நான் செம்பூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டேன். அவளைப் பார்த்ததும் கத்திரிக்காய்க்காரர் எழுந்து நின்றுவிட்டார். மரியாதையா பயமா என்று தெரியவில்லை. "இவ்ளோ நாளா எங்க வீட்டுக்காரருக்கு என்னத்தய்யா போட்டு அனுப்பின?" என்று ஆரம்பித்தாள். அந்தக் கடையில் அரை மணி நேரம் போயிற்று. ஒவ்வொரு காயாகக் காம்பைத் திருப்பிப் பார்த்து எடுத்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பழக்கடையில் ஒரு பெண் சிக்குப் பழத்தை, நம் ஊர் சப்போட்டாவை, இரண்டாகப் பிளந்து, "சாப்பிட்டுப் பாருங்க, சர்க்கரை மாதிரி இருக்கும்" என்று ஒரு பாதியை நீட்டினாள். அக்கா வாங்கிவிட்டாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு கடைக்காரியிடம், "ஏம்மா, அந்தப் பெட்டியக் கொஞ்சம் இப்படித் தள்ளு" என்றாள்.

கவிழ்ந்து கிடந்த ஒரு மரப்பெட்டி. புது முட்டியை மெதுவாக மடக்கி, கம்பை மடியில் வைத்து, மார்க்கெட்டின் நடுவில், ஆட்கள் சுற்றிப் போகும்படி உட்கார்ந்தாள். சிக்குவைத் தின்றாள். கொட்டையைக் கையில் துப்பினாள்.

"உக்காந்துட்டேம்ல" என்றாள். "இதக் கணக்குல சேத்துக்கோ."